உங்களுக்குத் தெரியுமா? ஆறு லட்சம் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

● வருடத்துக்கு 4.80 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 6 லட்சத்தில் புது வேலை. காகிதத்தில் 25 சதவீத உயர்வு. ஆனால் மாதா மாதம் வங்கிக் கணக்கில் கூடுதலாக ஏறுவது வெறும் 600 ரூபாயாக இருக்கலாம், தெரியுமா? என் தங்கை மகனுக்குச் சென்னையில் கிடைத்த ஆஃபர் லெட்டர் அப்படிப்பட்டதுதான். "மாமா, மாசம் அம்பதாயிரம்!" என்று ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றான். அவன் படித்திருந்தது முதல் பக்கத்தை. கணக்கு இருந்ததோ கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

● சிடிசி என்பது 'காஸ்ட் டு கம்பெனி'. பெயரிலேயே உண்மை இருக்கிறது: அது உங்களுக்கு வரும் பணம் இல்லை, உங்களால் கம்பெனிக்கு ஆகும் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம், வந்தால் வரும் வேரியபிள் எல்லாம் அதற்குள் அடக்கம். சில இடங்களில் ஆபீஸ் பஸ்ஸும் மதியச் சாப்பாடும்கூட அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

● மருமகனின் கடைசிப் பக்கத்தை மேசையில் விரித்து, ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் காபி டம்ளரை மேலே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். மொத்தம் 6,00,000. அதில் வேரியபிள் 60,000. பேசிக் சம்பளம் மாதம் 25,000. அதில் 12 சதவீதம் கம்பெனியின் பி.எஃப். பங்கு, வருடத்துக்கு 36,000. கிராஜுவிட்டி 14,430. இன்ஷூரன்ஸ் 9,570. இவற்றைக் கழித்தால் மிச்சம் 4,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000. ஐம்பதாயிரம் அங்கேயே நாற்பதாயிரம் ஆகிவிட்டது; இன்னும் பிடித்தமே தொடங்கவில்லை. அவன் பங்கு பி.எஃப். 3,000, தொழில் வரி சராசரியாக மாதம் 208. வருமான வரி பூஜ்யம். கைக்கு வருவது 36,792 ரூபாய்.

● பழைய கம்பெனியில் வேரியபிள் கிடையாது, கிராஜுவிட்டியைச் சிடிசியில் சேர்க்கவில்லை, பி.எஃப். இரண்டு பக்கமும் 1,800 மட்டும். அங்கே கைக்கு வந்தது 36,192. அப்படியானால் கூடிய 1,20,000 எங்கே போனது? 60,000 வேரியபிளுக்குள். 14,430 கிராஜுவிட்டிக்குள். 9,570 இன்ஷூரன்ஸுக்கு. பி.எஃப்.பில் கம்பெனி வழியாக 14,400, அவன் பாக்கெட்டிலிருந்து இன்னொரு 14,400. மிச்சம் 7,200, அதாவது மாதம் 600. யாரும் ஏமாற்றவில்லை. ஒரு பகுதி அவன் பணமாகவே எங்கோ சேர்கிறது. ஆனால் வீட்டு வாடகையை ஏற்றிவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தால் முழித்திருப்பான்.

● அந்த 1,800 எங்கிருந்து வந்தது? பி.எஃப். சட்டப்படியான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 12 சதவீதம்தான் 1,800. 2014 செப்டம்பரில் 6,500லிருந்து 15,000 ஆக உயர்த்தினார்கள். பேசிக் எவ்வளவு இருந்தாலும் இந்த வரம்போடு நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. முழு பேசிக்குக்கும் கட்டும் கம்பெனிகளும் உண்டு. சேரும்போதே 'எது வேண்டும்?' என்று கேட்கிற இடமாக இருந்தால் யோசித்துச் சொல்லுங்கள். மருமகன் 1,800 என்று சொல்லியிருந்தால் கைக்கு மாதம் 2,400 கூடியிருக்கும். நான் வேண்டாம் என்றேன். 2023-24, 2024-25 இரண்டு வருடமும் பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். அந்தப் பணம் கையில் இருந்தால் அவன் வயதில் அது ஃபோனாக மாறும்.

● பி.எஃப். பாஸ்புக்கில் உங்கள் பங்கு 3,000, கம்பெனி பங்கு 1,750 என்று இருக்கிறதா? ஹெச்.ஆர். மீது சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி கட்டும் தொகையிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் வரம்புக்கு உட்பட்டு, அதாவது மாதம் 1,250 வரை, பென்ஷன் திட்டத்துக்குப் பிரிந்து போய்விடும். அது 1995ல் வந்த திட்டம். பத்து வருடம் சேவை முடித்தால்தான் மாதப் பென்ஷன்.

● கிராஜுவிட்டி ஏன் எல்லா ஆஃபர் லெட்டரிலும் 4.81 சதவீதம் என்றே இருக்கிறது? ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம். ஞாயிறு போக மாதத்துக்கு 26 நாள். 15ஐ 26ஆல் வகுத்து, அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் 4.81 சதவீதம். அவ்வளவுதான் சூத்திரம்.

● அந்தக் கிராஜுவிட்டி கையில் வர ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் வருடம் வேறு கம்பெனிக்குத் தாவினால், உங்கள் சிடிசியில் வருடா வருடம் காட்டிய தொகை கம்பெனியிடமே தங்கிவிடும். ஆனால் ஐந்து என்றால் முழு ஐந்துதானா? மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் உரிமை உண்டு என்று சொன்னது. ராஜினாமா தேதியைக் குறிக்கும் முன் காலண்டரை ஒரு முறை பாருங்கள்.

● 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகக் காட்டினால் மிஞ்சிய தொகையும் 'ஊதியம்' என்றே கணக்கில் சேரும். பேசிக்கைப் பொடியாக வைத்து 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரில் மீதியைக் கொட்டும் பழைய வித்தைக்கு இது வைத்த ஆப்பு. பி.எஃப். ஏற்கெனவே 15,000 வரம்பில் நிற்பவருக்குக் கைச்சம்பளம் இதனால் குறையாது, கிராஜுவிட்டிதான் கூடும். ஒப்பந்தக் காலம் குறித்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்பதும் இதில் வந்ததுதான்.

● வேரியபிள் பே பற்றிக் கேட்க மூன்று கேள்விகள் போதும். மாதமா, காலாண்டா, வருடத்துக்கு ஒரு தடவையா? போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? கொடுக்கும் தேதியில் வேலையில் இருந்தால்தான் கிடைக்குமா? மூன்றாவதற்குப் பதில் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் வரும். என் வழக்கம், வேரியபிளைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுவது. வந்தால் தீபாவளி.

● வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் சொன்னது புதிய வரிமுறைக்கு. சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு என்பதால் அது 12.75 லட்சம் ஆகிறது. இது சிடிசி அல்ல, வரிக்கு உட்பட்ட சம்பளம். கம்பெனியின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் இதில் சேராது. அதனால் 13.75 லட்சம் சிடிசி வாங்கும் ஒருவர்கூட ஒரு பைசா வருமான வரி கட்டாமல் இருக்க முடியும்.

● இப்போது ஒரு வேடிக்கை. வரிக்கு உட்பட்ட சம்பளம் 12.75 லட்சமாக இருப்பவரின் வருமான வரி பூஜ்யம். அவருக்கு 70,000 உயர்த்தி 13.45 லட்சமாக்கினால்? கழிவு போக வருமானம் 12.70 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு சலுகை இருப்பதால் வரி 70,000. ஆனால் 4 சதவீத செஸ் அதற்கு மேல் தனியாக ஏறும்: 2,800. ஆக 72,800 போய்விடுகிறது. எழுபதாயிரம் உயர்வு வாங்கியவர், வாங்காதவரைவிட 2,800 ரூபாய் ஏழை! இந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் ஏறக்குறைய 13.50 லட்சத்துக்கு அப்பால் பேசுங்கள். அல்லது அடுத்த துணுக்கைப் படியுங்கள்.

● புதிய வரிமுறையில் வீட்டு வாடகை, 80சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுபடாது. எடுபடுகிற ஒன்று, கம்பெனி உங்கள் சார்பில் என்.பி.எஸ். கணக்கில் கட்டும் பணம். பேசிக்கில் 14 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 13.45 லட்சக்காரரின் பேசிக் 6 லட்சம் என்று வைப்போம். 84,000 என்.பி.எஸ்.சுக்குத் திருப்பினால் வருமானம் 11.86 லட்சத்துக்கு இறங்கி, வரி பூஜ்யம். கையில் வருவது 11,200 குறையும். கணக்கில் சேர்வது 84,000. கம்பெனிக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். ஓய்வுக் காலத்துக்கான கணக்கு அது, நினைத்தபோது எடுக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

● லண்டனிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. அங்கே 12,570 பவுண்டு வரை வரி இல்லை. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் அந்த வரியில்லா வரம்பில் 1 பவுண்டு கரையும். 1,25,140ல் முழுதும் காலி. அந்த இடைவெளியில் சம்பாதிக்கும் பணத்துக்கு வருமான வரி மட்டும் கிட்டத்தட்ட 60 சதவீதம்.

● இதற்கே முகம் சுளிப்பவர்களுக்கு: 1973-74ல் இந்தியாவில் 2 லட்சத்துக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் வரியும் சர்சார்ஜும் சேர்த்து 97 ரூபாய் 75 காசு அரசுக்குப் போனது.

● அப்பா பெயரில் வாடகை ரசீது எழுதிக் கொடுக்கும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். 2023-24 முதல் நீங்கள் வாய் திறக்காவிட்டால் புதிய வரிமுறைதான். 12.75 லட்சம் வரை அதில் வரியே இல்லாதபோது அந்த ரசீதுக்கு வேலை இல்லை. பழைய முறைதான் லாபம் என்றால், கம்பெனியிடம் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள்.

● தொழில் வரி ஊருக்கு ஊர் வேறு. டெல்லியில் கிடையவே கிடையாது. மும்பையில் பெரும்பாலோருக்கு மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. தமிழ்நாட்டில் இது மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் போகிற பணம். அரையாண்டுக்கு ஒரு தடவை. சென்னையில் அரையாண்டுச் சம்பளம் 75,000ஐத் தாண்டினால் 1,250. எங்கே போனாலும் வருடத்துக்கு 2,500ஐத் தாண்டாது. அரசியலமைப்பின் 276வது பிரிவு போட்ட பூட்டு அது. முதலில் 250 ஆக இருந்து 1988ல் 2,500 ஆனது. அதற்குப் பிறகு அரிசி விலை எங்கோ போய்விட்டது, இது அப்படியே நிற்கிறது.

● மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனியிடம் 3.25. இருபதாயிரம் சம்பளத்தில் உங்கள் பங்கு 150 ரூபாய்தான். அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம். 21,000லிருந்து 21,500க்கு உயர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், ஆனால் உடனே அல்ல. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு காலம். நடுவில் உயர்வு வந்தால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தமும் தொடரும், உரிமையும் தொடரும். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்து, கம்பெனியில் வேறு இன்ஷூரன்ஸ் இல்லை என்றால், 500 ரூபாய் உயர்வு நஷ்டம்தான்.

● நடு வருடத்தில் வேலை மாறியவர்களை ஜூலையில் அழவைப்பது இதுதான். முதல் ஆறு மாதம் ஒரு லட்சம், அடுத்த ஆறு மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் என்று வையுங்கள். பழைய கம்பெனி வருடத்துக்கு 12 லட்சம் என்று கணித்து வரி பிடிக்கவில்லை. புதுக் கம்பெனி தான் கொடுத்த 9 லட்சத்தை மட்டும் பார்த்து, அதுவும் பிடிக்கவில்லை. உண்மை வருமானம் 15 லட்சம். 75,000 கழிவை இருவரும் ஆளுக்கொரு முறை கொடுத்துவிட்டார்கள். ரிட்டர்ன் போட உட்காரும்போது 97,500 ரூபாயும் வட்டியும் ஒரே மொத்தமாகக் கட்டச் சொல்லும். பழைய கம்பெனியின் சம்பள விவரத்தைப் புது இடத்தில் சேர்ந்த வாரமே கொடுத்துவிட்டால், வரியை மீதி மாதங்களுக்குப் பரப்பிப் பிடிப்பார்கள். கைச்சம்பளம் குறையும், தூக்கம் வரும்.

● இதன் தம்பி ஒன்று உண்டு. படித்து முடித்து அக்டோபரில் ஒன்றரை லட்சம் சம்பளத்தில் சேர்ந்தவருக்கு மார்ச் வரை வரி இல்லை, ஆறு மாத வருமானம் 9 லட்சம்தானே. ஏப்ரல் வந்ததும் முழு வருடம் 18 லட்சம் என்று கணக்கு மாறி, மாதம் ஏறக்குறைய 12,567 ரூபாய் வரி பிடிப்பார்கள். சம்பளத்தை யாரும் குறைக்கவில்லை.

● பான் எண் கொடுக்காவிட்டால், அல்லது ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தால், வரி பிடிக்க வேண்டிய சம்பளத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் பிடிப்பார்கள். சேரும் முன் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும்.

● ஜாயினிங் போனஸும் சம்பளம்தான், அதற்கும் வரி. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கொடு என்ற நிபந்தனை கூடவே இருக்கும். கையில் வந்தது வரி போக மிச்சம். திருப்பிக் கேட்பது பல இடங்களில் முழுத்தொகை.

● சிங்கப்பூரில் அங்கேயே வசிப்பவராகக் கணக்கிடப்படுபவருக்கு மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வரும், பில் அடுத்த வருடம் வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் 'ஜிரோ'வில் 12 தவணையாகக் கட்டலாம். வெளிநாட்டவர் வேலையை விட்டுக் கிளம்பினால், வரிக் கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்கும். பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும், அந்த ஊர் பி.எஃப்.பான சி.பி.எஃப். பிடித்தம் தொடங்குகிறது: முதல் வருடம் 5 சதவீதம், இரண்டாம் வருடம் 15, பிறகு 20. பி.ஆர். வாங்கிய சந்தோஷத்தில் ஃப்ளாட் பார்ப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

● மலேசியாவில் வருடத்தில் 182 நாள் தங்காதவர் வரிக் கணக்கில் வெளியாள். சம்பளத்துக்கு 30 சதவீதம் நேரடி வரி. துபாயில் வருமான வரியே இல்லை. ஆனால் அங்கே வேலை முடியும்போது கொடுக்கும் தொகை முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். அலவன்ஸைப் பெருக்கிப் பேசிக்கைச் சுருக்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஊர் திரும்பும் நாளில்தான் அது தெரியும்.

● கொழும்பில் மாதம் 2,00,000 ரூபாய் சம்பளம் என்றால்? ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 16,000. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 1,50,000 வரை வரி இல்லை; மீதி 50,000க்கு 6 சதவீதம், 3,000. கைக்கு 1,81,000. வேலை தருபவர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தன் பங்காகக் கட்டுகிறார்.

● ஆஃபரை ஏற்கும் முன் ஹெச்.ஆருக்கு ஒரே ஒரு மெயில் போதும்: 'வேரியபிள் இல்லாமல், எல்லாப் பிடித்தமும் போக, ஒரு மாதத்து மாதிரி பே ஸ்லிப் அனுப்ப முடியுமா?' நல்ல கம்பெனிகள் அன்றே அனுப்பிவிடும். ஃபோனில் 'ஃபார்ட்டிக்குப் பக்கத்துல வரும் சார்' என்று சொன்னால், மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

● முதல் மாதச் சம்பளத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். மருமகன் ஜூன் 11ல் சேர்ந்தான். முப்பதில் இருபது நாளுக்கு 26,667, அதில் பி.எஃப். 2,000. தொழில் வரியை அவர்கள் ஆகஸ்டில் 1,250 ஆக ஒரே அடியாகப் பிடிக்கிறார்கள். ஜூன் 30 மாலை அவன் ஃபோனுக்கு வந்த குறுஞ்செய்தியில் இருந்த வரவு 24,667 ரூபாய்.